டியூன் செய்த டர்போ, ஹைப்ரிட் பிக்கப் வண்டிகள்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் முறை

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இரட்டை டர்போ பூட்டிய 3.5 லிட்டர் இகோபூஸ்ட் வி6 எஞ்சின் 2011 மாடலில் வந்தபோது, அது 365 குதிரைத்திறனும் 420 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தந்தது. 2017-இல் இரண்டாம் தலைமுறை 375 குதிரைத்திறனும் 470 பவுண்டு-அடியுமாக உயர்ந்தது. 2021-இல் அது 400-க்கும் 500-க்கும் சென்றது. அதே 2021-இல் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே 35 கிலோவாட் மின்மோட்டாரை வைத்து, 1.5 கிலோவாட்-மணி லித்தியம் அயான் பேட்டரியுடன் வந்த பவர்பூஸ்ட் ஹைப்ரிட் 430 குதிரைத்திறனையும் 570 பவுண்டு-அடியையும் எட்டியது. டர்போ எஞ்சினில் எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிப்பதால், ஒரு பாகத்தையும் மாற்றாமல் மென்பொருள் கோப்பை மட்டும் மாற்றி இழுவையைக் கூட்டிவிட முடிகிறது. டியூனிங் எனப்படும் இந்த மாற்றம் இவ்வளவு பரவியதற்கும் அதற்குப் பின் வரும் தொல்லைகளுக்கும் காரணம் இது ஒன்றே. கம்பெனி அமைப்பில் எல்லைக்குள் அடங்கி ஓடிக்கொண்டிருந்த பழைய பிளக்கும், சற்றே தளர்ந்திருந்த ஹோஸும், வயதான பேட்டரியும் கூடுதல் அழுத்தம் வந்த அன்றே தம் குறையைக் காட்டிவிடுகின்றன. உரிமையாளரோ டியூன் செய்தவரைக் குற்றம் சொல்கிறார், அல்லது அவசரப்பட்டுப் புது டர்போ வாங்குகிறார். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். குறியீட்டோடு சேர்த்து, அது பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சுமை, வெப்பநிலை முதலியவை என்னவாக இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைத்திருக்கும். அழித்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும். அடுத்து, கம்பெனிக் கோப்பைத் திரும்ப ஏற்றி, அதே எரிபொருளோடு, அதே ஏற்றத்தில், முடிந்தால் அதே வெயில் நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் அறிகுறி நீடித்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது, கோப்பில் இல்லை. அறிகுறி மறைந்துவிட்டால் கோப்புதான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. குறைந்த பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) தாக்குப்பிடிக்கும் பாகம் கூடுதல் பூஸ்டில் தோற்றுப்போவதும் இதே தோற்றத்தைத்தான் தரும். எனவே இந்தச் சோதனை பாதி விடையை மட்டுமே தருகிறது.

மீதி விடை பதிவில் இருக்கிறது. ஸ்கேனரையோ டியூனிங் கருவியையோ இணைத்து, கணினி கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், த்ராட்டில் கோணம் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் நிலை), எரிபொருள் அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம், ஒவ்வொரு சிலிண்டரிலும் பற்றவைப்பு எவ்வளவு பின்தள்ளப்பட்டது, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை ஆகிய ஏழையும் ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும். டைனமோமீட்டரிலோ மூடிய ஓடுதளத்திலோ, மூன்றாம் கியரில், 2,000 சுழற்சியிலிருந்து 5,500 வரை முழு த்ராட்டிலில் ஒரே ஓட்டம் போதும். பொதுச்சாலையில் இதைச் செய்யக் கூடாது. முழு த்ராட்டிலில் இந்த வண்டிகள் வேகமெடுக்கும் விதம் சாலைக்கு உரியதன்று.

முழு இழுவையில் எஞ்சின் மிஸ் ஆகி உதறுகிறது

அடிக்கடி வரும் அறிகுறி இது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. டிரெய்லரோடு ஏற்றத்தில் மிதிக்கும்போதோ நெடுஞ்சாலையில் முந்தும்போதோ வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறும், எஞ்சின் விளக்கு மினுக்கும். பி0300 குறியீடோ (பல சிலிண்டர்களில் மிஸ்), பி0301 முதல் பி0306 வரை ஏதாவது ஒன்றோ (கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும்) பதிவாகும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அடர்த்தியாக அழுத்தப்படுகிறதோ, அவ்வளவு அதிக மின்னழுத்தம் இருந்தால்தான் பொறி இடைவெளியைத் தாண்டும். அந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலால் அதைத் தர முடியாதபோது பொறி அணைந்துவிடுகிறது. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் இடைவெளி 0.75 முதல் 0.85 மில்லிமீட்டர். முனை தேயத் தேய இடைவெளி விரிந்துகொண்டே போகும். பூஸ்டைக் கூட்டிய வண்டிகளில் புது பிளக்கை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கி, சூட்டை ஒரு படி வேகமாகக் கடத்தும் குளிர்ந்த வகையைப் போடுவது வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கின் இடைவெளி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அளக்காமல் பூட்டுவது, இந்த வேலையில் நான் மிக அதிகமாகக் காணும் அலட்சியம். ஒவ்வொன்றையும் அளவுத்தகட்டால் அளக்க வேண்டும். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது, சூட்டில் திருகினால் மரை அழிந்துவிடும்.

பிளக் புதிதாக இருந்தும் ஒரே சிலிண்டர் தொடர்ந்து மிஸ் ஆனால், அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில் பழுது. மாறாவிட்டால் இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரஷன் என்று வரிசையாகத் தேட வேண்டும். 2011 முதல் 2016 வரையிலான எஞ்சின்களில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சப்படுவதால், உள்வாங்கும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே கரி படிகிறது. 2017-க்குப் பிறகு வந்த எஞ்சின்களில் போர்ட் இன்ஜெக்டர்களும் சேர்க்கப்பட்டதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

மிஸ் ஆவது மழைநாளிலும் ஈரம் மிகுந்த காலையிலும் மட்டும் நேர்ந்தால் வேறு வழியில் யோசிக்க வேண்டும். தொடக்ககால இகோபூஸ்ட் வண்டிகளில், நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும்போது, குளிர்ந்த இன்டர்கூலரின் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அடியில் காற்றின் ஈரம் நீராகத் தேங்கியது. ஓட்டுநர் திடீரென்று முழுதாக மிதித்ததும் அந்த நீர் மொத்தமாக எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வண்டி திணறியது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஃபோர்டும் காற்றுத் தடுப்புத் தகடு உள்ளிட்ட திருத்தங்களை வெளியிட்டது. பழைய வண்டியில் மிகப் பெரிய இன்டர்கூலரைப் பூட்டியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: கோடையில் நன்மை செய்யும் அதே கூடுதல் குளிர்ச்சி, ஈரக் காலத்தில் நீரையும் கூடுதலாகச் சேர்க்கும். வடிகால் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

இழுவை குறைந்துவிட்டது, பூஸ்ட் வருவதில்லை

பி0299 என்பது, கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று கணினி தரும் புகார். டர்போ செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இன்டர்கூலர் குழாய்களைப் பிணைக்கும் ரப்பர் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த குழாயில் பூட்டிய ஹோஸ், கூடுதல் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழுக்கிக் கழன்றுவரும். துடைத்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கசிவை, குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்திச் சோதிக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். எஞ்சின் நிற்கும்போது மூடியிருந்து, பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய்பிளக்கும் ஹோஸ் வெடிப்பும் உண்டு என்பதால், ஒவ்வொரு ஹோஸையும் கையால் வளைத்தும் பார்க்க வேண்டும். கசிவே இல்லையென்றால் வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் எல்லை மீறாதபடி எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் கதவு) இயக்கும் அமைப்பு, அதன் தண்டு, அதன் இணைப்பின் தேய்மானம் என்று அடுத்தடுத்துச் செல்லலாம். எஞ்சினை அணைக்கும் நொடியில் டர்போ பக்கத்திலிருந்து தகர ஒலி வருமானால் அந்த இணைப்பு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் வளிமண்டலமே 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் தருகிறது. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் அது ஏறக்குறைய 12 பிஎஸ்ஐ மட்டுமே. கடல்மட்டத்தில் 15 பிஎஸ்ஐ பூஸ்டில் கிடைக்கும் மொத்த அழுத்தத்தை அங்கே பெற, டர்போ சுமார் 17.7 பிஎஸ்ஐ தர வேண்டும். அதற்கு அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். டெக்சஸின் கடலோரத்தில் எழுதிய கோப்பை ஏற்றிக்கொண்டு, கொலராடோவில் 3,400 மீட்டரை ஒட்டிய ஐசனாவர் சுரங்கப்பாதையை நோக்கி டிரெய்லரோடு ஏறும்போது பி0299 வந்தால், வண்டியில் பழுதே இல்லாமலும் இருக்கலாம். மலைக்குச் செல்பவர்கள் உயரத்துக்கேற்ப எல்லையைக் குறைத்த கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

குறியீடு ஏதுமின்றி ஒரு நொடி இழுவை அறுந்து திரும்ப வருகிறது

பதிவில் த்ராட்டில் கோணத்தைப் பாருங்கள். கால் முழுதாக மிதித்திருக்கும்போதே த்ராட்டில் தகடு பாதி மூடியிருந்தால், கணினி வேண்டுமென்றே எஞ்சினை அடக்குகிறது என்று அறியலாம். ஃபோர்டின் கணினி முறுக்குவிசையைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மிதியடியின் நிலையை இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்ற கோரிக்கையாக மாற்றிக்கொண்டு, எஞ்சின் அதைவிட அதிகம் தருவதாகக் கணக்கிட்டால் உடனே த்ராட்டிலை மூடுகிறது. பூஸ்டை மட்டும் உயர்த்திவிட்டு முறுக்குவிசை அட்டவணைகளையும் எல்லைகளையும் அதற்கு இசைவாகத் திருத்தாத கோப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். இங்கே பாகம் எதையும் மாற்றுவதில் பயனில்லை. பதிவைக் கோப்பு எழுதியவருக்கு அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். எல்லைகளை எல்லாம் உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் குறுக்குவழி தேடுவார்கள். அதன் விளைவைக் கியர் பாக்ஸ் பகுதியில் காணலாம்.

நாக்கிங்: தட்டல் ஒலி, அல்லது நாளாக ஆகச் சோர்ந்துபோகும் எஞ்சின்

சிலிண்டருக்குள் கலவை முறைதவறி வெடிப்பதால் எழும் தட்டல் காதில் கேட்பதற்கு வெகு முன்பே உணரி அதைக் கண்டுபிடித்துப் பற்றவைப்பைப் பின்தள்ளிவிடுவதால், உரிமையாளருக்குத் தெரிவது சோர்வு மட்டுமே. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோல் 87 ஆக்டேன். உயர்தரம் பல மாநிலங்களில் 93, கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் 91. 93-க்கு எழுதிய கோப்பில் 91-ஐ ஊற்றினால், எஞ்சின் ஒவ்வொரு ஏற்றத்திலும் தன்னைத் தற்காத்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். எரிபொருளின் தரத்தை எஞ்சின் எவ்வாறு எடைபோட்டிருக்கிறது என்பதை, ஃபோர்டு கணினியிலுள்ள ஆக்டேன் கற்றல் மதிப்பு காட்டும். அது −1-ஐ நெருங்கினால் நல்ல எரிபொருள் என்று கற்றிருக்கிறது. +1 பக்கம் போனால் எஞ்சின் அஞ்சுகிறது. தரமான பெட்ரோலை நிரப்பிய பிறகும், மிதமான சுமையில் சில நாள் ஓடினால்தான் அந்த மதிப்பு மெல்ல இறங்கும். டேங்க் நிரப்பிய மறுநொடியே முழுப் பலனை எதிர்பார்த்துச் சோதிப்பது பயனற்றது.

அடுத்தது வெப்பம். 30 பாகை வெப்பமுள்ள காற்றை டர்போ இருமடங்கு அழுத்தும்போது, சுமார் 70 சதவீதத் திறனுடன் இயங்கும் டர்போவிலும் அது 120 பாகையைத் தாண்டி வெளிவருகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பது இன்டர்கூலர் ஒன்றே. முதல் ஓட்டத்தில் நன்றாக இழுத்து, மூன்றாவது ஓட்டத்தில் தொய்வடையும் வண்டியின் பதிவில், உள்வாங்கும் காற்றின் வெப்பநிலை ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். பணத்தைச் செலவிடத் தகுந்த முதல் மேம்பாடு பெரிய இன்டர்கூலர் என்பதே என் உறுதியான கருத்து; ஒலிக்காகப் போடும் எக்ஸாஸ்ட்டும் திறந்த ஏர் ஃபில்டரும் அதற்கு வெகு பின்னால்தான் வர வேண்டும். எஞ்சின் அறைக்குள் திறந்து நிற்கும் ஃபில்டர் சூடான காற்றையே உறிஞ்சித் தொல்லையைக் கூட்டவும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் அடங்காத தட்டல் ஒன்று உண்டு. 1,500 முதல் 2,500 சுழற்சிக்குள், உயர்ந்த கியரில், கனத்த சுமையில், ஒரே ஒரு முறை சுத்தியலால் அடித்ததுபோல் கேட்கும். பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் இதை, குறைவேக முன்பற்றல் என்பார்கள். உணரி எதிர்வினை ஆற்றுவதற்குள் பிஸ்டனின் வளையமேடு உடைந்துவிடலாம். எஞ்சின் எண்ணெயில் உள்ள கால்சியச் சேர்மங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று கண்டறியப்பட்டதால், 2018-இல் எஸ்என் பிளஸ் என்ற தரமும், 2020-இல் எஸ்பி என்ற தரமும் வகுக்கப்பட்டன. டியூன் செய்த டர்போ வண்டியில் எஸ்பி அல்லது அதைவிடப் புதிய தர எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். குறைந்த சுழற்சியில் முறுக்குவிசையைக் கொட்டும் கோப்பு ஓட்டுவதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் 2,500 சுழற்சிக்குக் கீழே அடக்கமாக எழுதிய கோப்பே எஞ்சினைக் காப்பாற்றும்.

கலவை மெலிகிறது, எரிபொருள் அழுத்தம் விழுகிறது

பி0087 (எரிபொருள் அழுத்தம் குறைவு), பி0171, பி0174 (கலவை மெலிவு) ஆகிய குறியீடுகள் வரும். எத்தனால் கலந்து ஓட்டுபவர்கள் இங்கே தங்கள் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று எடையில் 14.7 மடங்கு, தூய எத்தனாலுக்கு அது 9 மடங்கு மட்டுமே. அதே காற்றுக்கு அதிகத் திரவத்தைச் செலுத்த வேண்டியிருப்பதால், உயரழுத்தப் பம்ப் முதலில் மூச்சுத்திணறும். முழு இழுவையில் எரிபொருள் அழுத்தம் கேட்டதைவிடத் தொடர்ந்து சரிந்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, எத்தனால் விகிதத்தைக் குறைக்க வேண்டும். மெலிந்த கலவையோடு உயர்ந்த பூஸ்டில் ஓடும் எஞ்சினுக்குப் பிஸ்டன் உருக நெடுநேரம் தேவையில்லை.

குளிர்ந்த எஞ்சினில் ஒலிகள்

பல மணி நேரம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் சில நொடிகள் சங்கிலி உரசுவதுபோல் கேட்டுப் பிறகு அடங்கினால், 2017 முதல் 2020 வரையிலான 3.5 இகோபூஸ்ட்டில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர்களைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கென்றே ஃபோர்டு ஒரு தனிப் பழுதுத் திட்டம் அறிவித்தது. முந்தைய தலைமுறையில் இதே ஒலி பி0016 குறியீட்டோடு (கேம், கிராங்க் தண்டுகள் ஒத்திசையவில்லை என்ற புகார்) வந்தால் டைமிங் சங்கிலி நீண்டிருக்கக் கூடும். டிக்டிக் என்ற ஒலி எஞ்சின் சூடானதும் மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஸ்டட் உடைந்து கசிகிறது எனலாம். மூன்றுமே டியூனுக்கு முன் தீர்க்கப்பட வேண்டியவை.

டொயோட்டா டன்ட்ராவின் 3.4 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினில் அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால், உடனே அணைத்துவிட வேண்டும். உற்பத்தியின்போது எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகள்கள் மெயின் பேரிங்குகளைப் பாதிக்கலாம் என்பதால், 2022, 2023 மாடல்களை உள்ளடக்கிய சுமார் 1,02,000 வண்டிகளை டொயோட்டா 2024 மே இறுதியில் திரும்ப அழைத்தது. டியூன் செய்வதைப் பற்றி யோசிப்பதற்கு முன், வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து எந்த அழைப்பாவது நிலுவையில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

கியர் மாறும்போது இடிக்கிறது, அல்லது வழுக்குகிறது

ஃபோர்டின் பத்து கியர் 10ஆர்80 பெட்டி, ஒவ்வொரு கிளட்சுக்கும் எவ்வளவு எண்ணெய் அழுத்தம் வேண்டும் என்பதை, எஞ்சின் கணினி சொல்லும் முறுக்குவிசையைக் கொண்டே முடிவு செய்கிறது. உண்மையில் 550 பவுண்டு-அடி வரும்போது கணினி 470 என்று சொன்னால் அழுத்தம் போதாமல் கிளட்ச் வழுக்கும், எரியும். மேலே குறிப்பிட்ட குறுக்குவழியின் விலை இதுதான். புதுக் கோப்பு ஏற்றியவுடன் சில நாள் இடிப்பது இயல்பு; பெட்டியின் கற்றல் மதிப்புகளை அழித்துவிட்டு, எண்ணெய் சூடான பிறகு, மிதமாக மிதித்து எல்லாக் கியர்களிலும் ஏறி இறங்கி ஓட்டினால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். சில நூறு கிலோமீட்டர் ஓடியும் இடித்தால் கோப்பைத் திருத்த வேண்டும். சுழற்சி ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்கினால், மேலும் ஒரு முறைகூட முழுதாக மிதிக்கக் கூடாது.

ஹைப்ரிட் வண்டியில் இழுவை ஒரு நேரம் போல் மறுநேரம் இல்லை

மின்மோட்டாரின் பங்கு பேட்டரியின் நிலையைப் பொறுத்தது. 1.5 கிலோவாட்-மணி என்பது சிறிய சேமிப்பு. 35 கிலோவாட்டில் இழுத்தால், முழுதும் நிறைந்திருந்தாலும் இரண்டரை நிமிடம்தான் வரும், கணினியோ அதில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கும். நீண்ட ஏற்றத்தின் பாதியில் உதவி குறைவது பழுதன்று. பேட்டரி சூடேறினாலும் உதவி சுருங்கும். எனவே டியூனுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது, பேட்டரியின் இருப்பும் வெப்பநிலையும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளாமல் எடுத்த அளவுகளை நான் ஏற்பதில்லை; எஞ்சினில் கூடியதாகக் காட்டும் 30 குதிரைத்திறன் முழுதும் பேட்டரியிலிருந்து வந்ததாக இருக்கலாம். டன்ட்ராவின் ஹைப்ரிட் வகையான ஐ-ஃபோர்ஸ் மேக்ஸில் 288 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் உள்ளது. அங்கே காற்று புகும் திறப்புகளைச் சாமான்களால் அடைத்துவிட்டால் குளிர்ச்சி கெடும்.

கியர் பெட்டிக்குள் போவது எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த விசை என்பதால், முறுக்குவிசைக் கணக்கில் பிழை நேர்ந்தால் ஹைப்ரிட்டில் சேதம் இன்னும் விரைவாக வரும். எஞ்சின் பங்கை மிக அடக்கமாகவே உயர்த்த வேண்டும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், 12 வோல்ட் பேட்டரியை முதலில் அளந்து பாருங்கள். உயர் மின்னழுத்த அமைப்பை இணைக்கும் ரிலேக்களும் எல்லாக் கணினிகளும் அதன் தயவில்தான் விழிக்கின்றன. கோப்பு ஏற்றுவது பாதியில் அறுந்து வண்டி கிளம்பாமல் போவதற்கும் இதுவே பெருங்காரணம். எஞ்சின் ஓடாமல் சாவி போட்ட நிலையில் ஏற்றும்போது மின்னழுத்தம் சரிகிறது. நிலையான 13 வோல்ட்டுக்கு மேல் தரும் சார்ஜரை இணைத்து, விளக்கு, ஏசி, ரேடியோ அனைத்தையும் அணைத்த பிறகே கோப்பு ஏற்றத் தொடங்க வேண்டும். பாதியில் அறுந்திருந்தால் பேட்டரியை ஏற்றி, அதே கருவியின் மீட்பு முறையில் கம்பெனிக் கோப்பை எழுதிப் பார்க்கலாம்.

ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகள் எங்கே போகின்றனவோ, அங்கே கை வைக்கும் உரிமை பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உண்டு. பராமரிப்புத் துண்டிப்பானைக் கழற்றிய பின்னும், இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்களில் தங்கிய மின்சாரம் வடிவதற்குக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து, காப்புக் கையுறையோடுதான் தொட வேண்டும். இன்டர்கூலரோ எக்ஸாஸ்ட்டோ மாற்றும்போது இந்தக் கம்பிகளின் பிடிப்பான்களைக் கழற்றி, மீண்டும் பூட்டாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு; சூடான குழாயில் உரசி உறை கருகினால் மின்காப்புப் பிழை பதிவாகி வண்டி நின்றுவிடும். அப்படி நின்ற வண்டியில் குறியீட்டை அழித்து மறுபடி கிளப்ப முயலாமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி பிளாட்பெட் லாரியில் ஏற்றி, ஹைப்ரிட் பயிற்சி பெற்ற பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.